பிழைதிருத்தியை வேலை வாங்குவது எப்படி?

'வேலைத் தேடிக்கொண்டிருக்கிறேன்' என்று விண்ணப்பக் கடிதத்தில் எழுதுகிறவர்கள் நிறையப் பேர். அதில் இருப்பதெல்லாம் அகராதியில் உள்ள சொற்கள்தான். நடுவில் வரும் 'த்'கூட இலக்கணத்துக்கு உட்பட்டதே. ஆனால் அந்த ஓர் எழுத்து வந்ததும் பொருள் மாறிவிடுகிறது. உத்தியோகம் தேடுகிறவர் 'வேலை தேடுகிறார்'. வேல் என்ற ஆயுதத்தைத் தேடுகிறவர்தான் 'வேலைத் தேடுகிறார்'. 'வேலையைத் தேடுகிறேன்' என்று எழுதிப் பழகிய கை, 'யை' போன பிறகும் 'த்'தை விடுவதில்லை. சொல்லை மட்டும் பார்க்கிற மென்பொருள் இதைத் தாண்டிப் போய்விடும். விண்ணப்பத்தைப் படிக்கிற ஆசிரியரோ மேலாளரோ தாண்டிப் போகமாட்டார்.

அதற்காக மென்பொருளே வேண்டாம் என்று ஆகிவிடாது. கடிதம், சுற்றறிக்கை, செய்தி, விளம்பர வாசகம், மொழிபெயர்ப்பு என எழுத்தை வைத்துச் சம்பளம் வாங்குகிற யாரும் இன்று பிழைதிருத்தி இல்லாமல் வேலை செய்யக் கூடாது என்பதுதான் என் கட்சி. நம் கண் அசந்துபோகும் இடத்தில் அது அசராது. நாற்பதாவது பக்கத்தையும் முதல் பக்கத்தைப் போலவே பார்க்கும். எதை அதனிடம் கொடுப்பது, எதை நம் கையில் வைத்துக்கொள்வது என்று தெரிந்தவருக்குப் பாதி வேலையை முடித்துத் தரும். தெரியாதவருக்குப் புதுப் பிழைகளையும் சேர்த்துத் தரும்.

முதலில் எழுத்துருவைப் பாருங்கள்

பிழைதிருத்தியில் போடுவதற்கு முன்பே ஒரு வேலை இருக்கிறது. பதிப்பகங்களிலும் அச்சகங்களிலும் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்புகள் இன்னும் புழங்குகின்றன. திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான். தமிழ்நாடு அரசு 2010-இலேயே யூனிகோட் எனும் ஒருங்குறியைத் தரமாக ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆனாலும் பத்து, பதினைந்து ஆண்டுகளுக்கு முன் அடித்து வைத்த புத்தகம் மறுபதிப்புக்கு வரும்போது பழைய கோப்புதான் வந்து சேரும். அதை ஒருங்குறிக்கு மாற்றாமல் எந்தக் கருவியில் போட்டாலும் பயனில்லை. மாற்றிய பிறகும் மேற்கோள் குறிகள், எண்கள், கிரந்த எழுத்துகள் ஆகிய மூன்றையும் ஒருமுறை கண்ணால் பார்த்துவிட வேண்டும். மாற்றும்போது அதிகம் அடிபடுபவை அவைதான்.

ஒருங்குறியில் அடித்தாலும் கண்ணுக்குத் தெரியாத பிழைகள் உண்டு. 'கௌரி' என்ற பெயரில் 'ௌ' ஒரே குறி. அதையே சிலர் 'கெ' அடித்து, பக்கத்தில் 'ள' அடித்து, 'கெளரி' என்று எழுதிவிடுகிறார்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும்; கணினிக்கு இரண்டும் வெவ்வேறு ஆட்கள். சம்பளப் பட்டியலில் ஒரு விதமாகவும் விடுப்புப் பட்டியலில் வேறு விதமாகவும் அடித்திருந்தால், தேடும்போது ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது. 'ஔ' அடிக்க வேண்டிய இடத்தில் 'ஒ', 'ள' என்று இரண்டு எழுத்து அடிப்பதும் இதே வகை. 'எ' அடிக்க வேண்டிய இடத்தில் தமிழ் எண் ஏழைக் குறிக்கும் '௭' வந்து உட்கார்ந்துகொள்வதும், துணைக்கால் வரவேண்டிய இடத்தில் 'ர' வருவதும் உண்டு. மனிதக் கண் இவற்றைப் பிடிப்பது அபூர்வம். நல்ல பிழைதிருத்தி உடனே கோடு போடும். இந்த ஒரு வேலைக்காகவே அதை வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் கோடு விழுந்ததும் 'எல்லாவற்றையும் மாற்று' பொத்தானை அழுத்திவிடாதீர்கள். 'கெள' என்பதையெல்லாம் 'கௌ' ஆக்கு என்று கட்டளையிட்டால் கெளுத்தி மீனும் 'கௌுத்தி' ஆகிச் சிதையும். இன்னும் துணிந்து 'ெள' என்பதையே மொத்தமாக மாற்றினால் வெள்ளி, தெளிவு, வெள்ளைத்தாள் எல்லாம் போய்விடும். ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள். இது தமிழுக்கு மட்டும் உள்ள ஆபத்து அல்ல. ஒத்துழைப்பைக் குறிக்கும் 'கோஆபரேஷன்' என்ற ஆங்கிலச் சொல்லை நடுக்கோட்டோடுதான் பழைய பிழைதிருத்திகள் சில அறிந்திருந்தன. கோடில்லாமல் எழுதியவர்களுக்கு, கலிஃபோர்னியாவில் உள்ள குபெர்டினோ என்ற ஊரின் பெயரை அவை பரிந்துரைத்தன. பார்க்காமல் ஏற்றுக்கொண்டவர்களால் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆவணங்களிலும் நேட்டோ ஆவணங்களிலும் ஒத்துழைப்பு வரவேண்டிய இடத்தில் அந்த ஊர் ஏறியது. இந்த வகைப் பிழைக்கே 'குபெர்டினோ விளைவு' என்று பெயர் நிலைத்துவிட்டது.

கோடு ஏன் விழுகிறது?

தமிழில் அடித்ததும் பக்கம் முழுக்கச் சிவப்புக் கோடாக இருக்கிறது, அதனால் நிறுத்திவைத்துவிட்டேன் என்று பலர் சொல்வதுண்டு. காரணம் தெரிந்தால் நிறுத்தத் தோன்றாது. ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரே ஆபீஸ் போன்றவற்றில் பிழை பார்ப்பது ஹன்ஸ்பெல் என்ற கட்டற்ற மென்பொருள். ஹங்கேரிய மொழிக்காக எழுந்தது. பெயரிலேயே அந்த மொழி இருக்கிறது. அந்த மொழியும் நம் மொழியைப் போல விகுதிமேல் விகுதியாக ஒட்டிக்கொண்டே போகும். ஆகவே வேர்ச்சொல் பட்டியல் ஒன்று, ஒட்டும் விதிகள் ஒன்று என இரண்டு கோப்புகளை வைத்து அது வேலை செய்கிறது. 'வந்துகொண்டிருந்தவர்களுக்கும்' என்ற ஒரே சொல்லில் எத்தனை ஒட்டுகள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். அத்தனைக்கும் விதி எழுதப்பட்டிருந்தால்தான் அது சரியான சொல் என்று கருவிக்குத் தெரியும். எழுதப்படாவிட்டால் கோடு விழும். கோடு என்றால் 'தவறு' என்று பொருளல்ல. 'எனக்குத் தெரியவில்லை' என்று பொருள்.

தமிழுக்கென்றே எழுந்த கருவிகள் இதைவிட நன்றாகச் சமாளிக்கின்றன. நீச்சல்காரன் என்பவர் உருவாக்கிய வாணி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. சொல்லைப் பகுதியாகவும் விகுதியாகவும் பிரித்துப் பார்த்துப் பிழை காட்டும். ஒற்று மிகும் இடங்களைக் காட்டுவதற்கு அவருடையதே நாவி. பேராசிரியர் ந. தெய்வசுந்தரம் முயற்சியில் வந்த மென்தமிழ் சொல்லாளர், கணினியில் நிறுவிக்கொண்டு பயன்படுத்துவது. டேனியல் நாபர் 2003-இல் பல்கலைக்கழக ஆய்வேடாகத் தொடங்கிய லேங்வேஜ்டூல் இன்று பல மொழிகளைப் பார்க்கிறது, தமிழும் அதன் பட்டியலில் உண்டு. ஆனால் ஆங்கிலத்துக்கும் ஜெர்மனுக்கும் அதில் குவிந்திருக்கும் விதிகளோடு ஒப்பிட்டால் தமிழுக்கு இருப்பவை குறைவு. எனவே தமிழ் வேலைக்கு வாணியையும் நாவியையும் முதலில் பழகுங்கள் என்பேன்.

ஒரு சுற்றறிக்கையை எடுத்துப் பார்ப்போம்

எந்த அலுவலகத்திலும் சுற்றுக்கு வரக்கூடிய இரண்டு வரி இது:

'அனைத்து பிரிவு பொருப்பாளர்களும் வரும் திங்கள்கிழமைக்குள் தனிக்கை அறிக்கையை சமர்பிக்க வேண்டும். ஒவ்வொரு ஊழியர்களும் தங்கள் வருகை பதிவை சரிபார்த்து கையொப்பமிடுவது அவசியம்.'

'சமர்பிக்க' என்பதைக் கருவி பிடித்துவிடும், 'ப்' விட்டுப்போயிருக்கிறது. 'பொருப்பாளர்' என்பதில் சிக்கல் ஆரம்பிக்கிறது. பொருப்பு என்றால் மலை. பழைய சொற்களையும் சேர்த்து வைத்திருக்கும் அகராதிக்கு அது பிழையாகவே தெரியாது. 'தனிக்கை'யும் அப்படித்தான், 'தனி', 'கை' என்று பிரித்துப் பார்த்து விட்டுவிடக்கூடிய கருவிகள் உண்டு. கணக்கைச் சரிபார்ப்பது தணிக்கை என்று எழுதுகிறவருக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும். ஒற்றுகளைப் பொறுத்தவரை அறிக்கையைச் சமர்ப்பிக்க, பதிவைச் சரிபார்த்து என்பவற்றை நாவி போன்ற சந்திப் பிழைதிருத்தி எளிதாகக் காட்டும். ஐகாரத்தில் முடியும் இரண்டாம் வேற்றுமை அதற்குப் பழக்கமான இடம். அனைத்துப் பிரிவு, சரிபார்த்துக் கையொப்பம் என்பவையும் பெரும்பாலும் சிக்கும். 'பிரிவுப் பொறுப்பாளர்', 'வருகைப் பதிவு' போன்ற தொகைகளில்தான் அது தடுமாறும். பின்னால் வரும் சொல்லோடு முன்சொல் எப்படி உறவு கொள்கிறது என்று தெரிந்தால்தான் அங்கே ஒற்று மிகுமா மிகாதா என்று சொல்ல முடியும். 'தந்த பலகை' என்றால் யாரோ கொடுத்த பலகை, 'தந்தப் பலகை' என்றால் யானைத் தந்தத்தால் ஆனது. இரண்டும் சரி. எது வேண்டும் என்பது எழுதுகிறவர் மனத்தில் இருக்கிறது.

'ஒவ்வொரு ஊழியர்களும்' அடுத்த வகை. ஒவ்வொன்றாக எண்ணும்போது ஒருமைதான் வரும்: ஒவ்வோர் ஊழியரும். சொற்கள் தனித்தனியாகச் சரியாக இருப்பதால் எழுத்துப் பிழைதிருத்தி வாய் திறக்காது. 'பத்துப் பேர் வந்தது', 'கோப்புகள் காணாமல் போனது' போன்ற எழுவாய், பயனிலை முரண்களும் பெரும்பாலும் தப்பிவிடும். அலுவலகக் கடிதங்களில் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான். வாக்கியம் நீளும்போது தொடக்கத்தில் யார் இருந்தார் என்பது முடிக்கும்போது மறந்துவிடுகிறது. வாக்கியத்தை இரண்டாக வெட்டினால் பாதிப் பிழைகள் தாமாகவே போய்விடும்.

இவ்வளவையும் திருத்திய பிறகும் அந்தச் சுற்றறிக்கையில் பெரிய குறை ஒன்று நிற்கிறது. 'வரும் திங்கள்கிழமை' என்றால் எந்தத் தேதி? சனிக்கிழமை எழுதியதைத் திங்கள் காலையில் படிக்கிறவர் எந்தத் திங்களை எடுத்துக்கொள்வார்? அறிக்கையை யாரிடம் கொடுப்பது? எந்த மென்பொருளும் கேட்காத கேள்விகள் இவை. ஊழியர்களோ இவற்றைத்தான் கேட்பார்கள், ஆளுக்கு ஒரு தொலைபேசி அழைப்பாக.

காற்புள்ளி விஷயம்

ஒற்றைக் காற்புள்ளி பணத்தில் முடிந்த வழக்கு ஒன்று அமெரிக்காவில் நடந்தது. மேய்ன் மாநிலத்தில் ஓக்ஹர்ஸ்ட் டெய்ரி என்ற பால் நிறுவனத்தின் ஓட்டுநர்கள் மிகைநேர ஊதியம் கேட்டு வழக்குப் போட்டார்கள். எந்தெந்த வேலைகளுக்கு மிகைநேர ஊதியம் தரத் தேவையில்லை என்று மாநிலச் சட்டம் அடுக்கியிருந்தது. பதப்படுத்துதல், உறையவைத்தல், சேமித்தல் என்று போன அந்தப் பட்டியலின் கடைசியில் பொட்டலம் கட்டுதலும் விநியோகமும் வந்தன. அவற்றைப் பிரிக்கும் இடத்தில் காற்புள்ளி இல்லை. விநியோகம் தனி வேலை என்றது நிறுவனம். விநியோகத்துக்காகப் பொட்டலம் கட்டுவதைத்தான் சட்டம் சொல்கிறது, நாங்கள் கட்டுவதில்லை, ஓட்டுகிறோம் என்றார்கள் ஓட்டுநர்கள். 2017-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஓட்டுநர்கள் பக்கம் சாய்ந்தது; 2018-இல் 50 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது. அந்த வாக்கியத்தை எந்தப் பிழைதிருத்தியில் போட்டிருந்தாலும் இலக்கணம் சரி என்றே வந்திருக்கும். இரண்டு பொருளுமே இலக்கணத்துக்கு உட்பட்டவைதானே.

தமிழில் பெயரெச்சம் வரும் இடங்களில் இதே கண்ணி இருக்கிறது. 'நேற்று வந்த வாடிக்கையாளரின் புகார்' என்றால் நேற்று வந்தது வாடிக்கையாளரா, புகாரா? புகார்தான் என்றால் 'வாடிக்கையாளரிடமிருந்து நேற்று வந்த புகார்' என்று சொற்களை மாற்றி வைத்துவிடுங்கள். காற்புள்ளி போட்டுச் சமாளிப்பதைவிட இது உறுதி. மென்பொருளுக்கு நிறுத்தக்குறியில் கொடுக்க வேண்டிய வேலை வேறு: இரட்டை இடைவெளி, முற்றுப்புள்ளிக்கு முன்னால் விட்ட இடைவெளி, திறந்து மூடாத அடைப்புக்குறி, திரும்பி நிற்கும் மேற்கோள் குறி. முற்றுப்புள்ளிக்கு முன் இடைவெளி விட்டால் சில நேரம் அந்தப் புள்ளி மட்டும் அடுத்த வரியில் போய் விழும். அச்சில் பார்க்கவே சங்கடமாக இருக்கும். இவற்றைத் தேடு–மாற்று வசதியே ஒரு நிமிடத்தில் முடித்துவிடும்.

ஆங்கிலத்தில் விண்ணப்பம் அனுப்புகிறவர்களுக்கு

வேர்டில் எஃப் 7 விசையை அழுத்தியதும் 'பிழை எதுவும் இல்லை' என்று வந்தால் உடனே நிம்மதி அடைய வேண்டாம். வேறு கோப்பிலிருந்து ஒட்டிய பகுதிகளில் சரிபார்க்க வேண்டாம் என்ற அமைப்பும் கூடவே ஒட்டிக்கொண்டு வரலாம். முழுக் கோப்பையும் தேர்ந்தெடுத்து, மொழி அமைப்பில் அந்த டிக்கை எடுங்கள். அங்கேயே பிரிட்டிஷ் ஆங்கிலமா, அமெரிக்க ஆங்கிலமா, இந்திய ஆங்கிலமா என்று ஒன்றை முடிவுசெய்து கடைசிவரை அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, விண்ணப்பம் எழுதுகிறவர்களுக்கு மிக முக்கியமானது. முழுக்கப் பெரிய எழுத்தில் உள்ள சொற்களைச் சோதிக்காதே என்ற அமைப்பு வேர்டில் பொதுவாக முன்கூட்டியே டிக் ஆகியிருக்கும். தன்விவரக் குறிப்பில் தலைப்புகளைத்தான் நாம் பெரிய எழுத்தில் போடுகிறோம். பக்கத்திலேயே பெரிதாகத் தெரியும் 'எக்ஸ்பீரியன்ஸ்' என்ற தலைப்பில் எழுத்து இடம் மாறியிருந்தாலும் கோடு விழாது. ஃபைல், ஆப்ஷன்ஸ், புரூஃபிங் என்று போய் அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். மேனேஜர் என்ற சொல்லில் இரண்டாவது 'ஏ' விட்டுப்போனால் மாட்டுக்குத் தீனி வைக்கும் தொட்டி என்று பொருள்படும் வேறு சொல் ஆகிவிடும். அதுவும் அகராதியில் உள்ள சொல் என்பதால் எழுத்துச் சோதனையில் அது தப்பும். இலக்கணச் சோதனையையும் சேர்த்து ஓட்டினால் சிக்கும் வாய்ப்பு கூடும். கிராமர்லி, லேங்வேஜ்டூல் இரண்டிலும் இலவசப் பயன்பாடே ஆரம்பத்துக்குப் போதும். காசு கட்டுவதைப் பிறகு யோசிக்கலாம்.

செயற்கை நுண்ணறிவிடம் கேட்பது

சாட்ஜிபிடி, ஜெமினி போன்றவற்றிடம் 'இதைத் திருத்திக் கொடு' என்று சொன்னால் திருத்தாது, திரும்ப எழுதும். பிழை போய்விடும், கூடவே உங்கள் நடையும் போய்விடும். சில நேரம் வாக்கியத்தின் பொருளும் சற்று நகர்ந்துவிடும். ஒற்றுகளில் ஒரு பத்தியில் சரியாகச் சொன்னதை அடுத்த பத்தியில் மாற்றிச் சொல்வதும் உண்டு. ஆகவே கட்டளையை இறுக்கிக் கொடுங்கள். நான் சொல்லித்தருவது இப்படி: 'கீழே உள்ள பத்தியில் எழுத்துப்பிழை, ஒற்றுப்பிழை, ஒருமை பன்மைப் பிழை ஆகியவற்றை மட்டும் பட்டியலிடு. தவறான வடிவம், சரியான வடிவம், காரணம் என மூன்றையும் தனித்தனியாகத் தா. நடையை மாற்றாதே. பெயர், எண், தேதி எதையும் தொடாதே.' பட்டியலாக வந்தால் ஒவ்வொன்றையும் நீங்கள் ஏற்கலாம், மறுக்கலாம். காரணம் கேட்பதற்கும் காரணம் உண்டு: பொருந்தாத விளக்கத்தைப் படித்ததுமே பரிந்துரை தவறு என்று பிடிபட்டுவிடும்.

எதை அதில் ஒட்டுகிறோம் என்பதில் மிகுந்த கவனம் வேண்டும். 2023-இல் சாம்சங் ஊழியர்கள் சிலர் நிறுவனத்தின் மூலநிரலை சாட்ஜிபிடியில் இட்டது தெரியவந்து, அந்த நிறுவனம் இத்தகைய கருவிகளுக்கே தடை போட்டது. பிழை பார்க்கத்தானே கொடுத்தோம் என்ற விளக்கம் அங்கே எடுபடாது. ஊழியர் சம்பளம், நோயாளி விவரம், வெளியாகாத ஒப்பந்தம், இன்னும் அச்சுக்குப் போகாத நூலின் கையெழுத்துப் பிரதி ஆகியவற்றை இணையத்தில் இயங்கும் எந்தக் கருவியிலும் போடாதீர்கள். உங்கள் கணினியிலேயே இயங்கும் லிப்ரே ஆபீஸ் போன்றவற்றில் பாருங்கள். அல்லது பெயர்களையும் தொகைகளையும் எடுத்துவிட்டு, சந்தேகமான வாக்கியத்தை மட்டும் கொடுங்கள்.

கடைசி வாசிப்பு உங்களுடையது

வேலையின் வரிசை எனக்கு இப்படிப் படிகிறது. எழுதும்போது கோடுகளை அணைத்து வைத்துவிடுவது நல்லது, சிந்தனை அறுபடாது. எழுதி முடித்ததும் கருவியை ஓட்டி, மாற்றங்கள் தெரியும்படி 'ட்ராக் சேஞ்சஸ்' வசதியைப் போட்டுக்கொண்டு திருத்த வேண்டும். பிறகு யார் கேட்டாலும் எதை மாற்றினோம் என்று காட்டலாம். அடுத்து, வேர்டில் உள்ள 'ரீட் அலவுட்' வசதியைக் கொண்டோ நாமே வாய்விட்டோ ஒருமுறை முழுக்கப் படித்துக் கேட்க வேண்டும். விட்டுப்போன சொல்லையும் இருமுறை வந்த சொல்லையும் காதுதான் சட்டென்று பிடிக்கும். கடைசியில் பெயர், முதலெழுத்து, பதவி, தொகை, தேதி, தொலைபேசி எண் ஆகியவற்றை மட்டும் மூலத்தோடு வைத்து ஒத்துப் பார்க்க வேண்டும். இந்த ஐந்தாறு விவரங்களில் எந்த மென்பொருளையும் நம்ப முடியாது. ரூபாய் 15,000 என்பது 51,000 ஆனாலும் அதற்கு ஒன்றுதான்.

பதிப்பகம், செய்தி நிறுவனம், மொழிபெயர்ப்பு, துணைத்தலைப்பு ஆகிய துறைகளில் மெய்ப்புப் பார்க்கும் வேலைக்குப் போக நினைப்பவர்கள் ஒற்று மிகும் இடங்களையும் மிகா இடங்களையும் தனியாகப் படித்துவிட்டுப் போங்கள். அச்சடித்த ஒரு பக்கத்தைக் கையில் கொடுத்துத் திருத்தச் சொல்லும் இடங்கள் இருக்கின்றன; அங்கே வாணி வராது. கருவியையும் தெரிந்து, கருவி விடும் இடத்தையும் தெரிந்தவரைத்தான் வேலைக்கு எடுக்க விரும்புவார்கள்.

வேலைக்குச் சேர்ந்ததும் செய்ய வேண்டியது, அந்த நிறுவனத்தின் எழுத்து முறையைக் கேட்டுத் தெரிந்துகொள்வது. வாழ்த்துகளா வாழ்த்துக்களா, நாள்களா நாட்களா, கருப்பா கறுப்பா என்பவற்றில் அறிஞர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. எதைத் தேர்ந்தாலும் இதழ் முழுக்க ஒன்றாக இருக்க வேண்டும். எழுதப்பட்ட பட்டியல் இல்லையென்றால் நீங்களே ஒன்றைத் தொடங்கி, மூத்தவரிடம் காட்டி ஒப்புதல் வாங்குங்கள். அடிக்கடி வரும் ஊர்ப் பெயர்கள், ஆட்பெயர்கள், துறைப் பெயர்களை மென்பொருளின் சொந்த அகராதியில் சேர்த்துவிட்டால் வீண் கோடுகள் குறையும். வேர்டில் அந்த அகராதி ஒரு சாதாரண உரைக்கோப்புதான். நகல் எடுத்துப் பக்கத்து மேசைக்காரருக்கும் கொடுக்கலாம். அவசரத்தில் 'அகராதியில் சேர்' என்று அழுத்தி ஒரு தவறான வடிவத்தைச் சேர்த்துவிட்டால் அன்று முதல் அந்தப் பிழைக்குக் கோடே விழாது. ஆகவே சில மாதங்களுக்கு ஒருமுறை அந்தக் கோப்பைத் திறந்து, வரிவரியாகப் படித்து, தவறாக ஏறியவற்றை நீக்கிவிடுங்கள்.